பெருவிரலில் ஒரு பஞ்சர்

பஞ்சர் கடைக்காரரின் பெருவிரலில் இருந்த ரப்பர் ஒட்டு பெயர மறுத்தது.

மருத்துவர் ஜெசிந்தா இடுக்கியால் அதன் ஓரத்தைப் பற்றி இழுத்தார். விரல் வந்தது. கை வந்தது. கடைக்காரரே நாற்காலியோடு சற்று நகர்ந்து வந்தார்.

ஒட்டு வரவில்லை.

வேறொரு நாளாக இருந்தால் கடைக்காரரின் மார்பு விம்மியிருக்கும். பேருந்து நிலையத்தின் பின்புறம் முப்பத்தோராண்டுகளாகப் பஞ்சர் கடை நடத்துபவர் அவர். அவர் ஒட்டிய எதுவும் இதுவரை வாய்பிளந்ததில்லை.

ஆயினும் இது பெருமைப்படும் வேளை அன்று.

ஒட்டின் அடியில் இருப்பது தோல் புற்று. சென்ற வாரம் பதினான்கு மில்லிமீட்டர். குறையாவிடில் விரலை எடுத்துவிடுவார்கள்.

பெருவிரல் இல்லாதவன் டயரை எவ்வாறு நெம்புவான்?

புதிய சிகிச்சையைப் பற்றி மருத்துவர் தெளிவாகத்தான் விளக்கியிருந்தார். கண்ணுக்குத் தெரியாத குமிழிகளை மருந்தோடு கலந்து ஊசியில் செலுத்துவார்கள். காதுக்குக் கேளாத ஒலியை அதன்மேல் பாய்ச்சுவார்கள். குமிழிகள் உடையும். புற்றின் உயிரணுக்களில் நுண்ணிய துளைகள் விழும். மருந்து உள்ளே இறங்கும்.

குமிழி. துளை.

இவ்விரு சொற்களையும் ஒருசேரக் கேட்டபின் அவரால் வாளாவிருக்க இயலவில்லை. உள்ளே போன மருந்து அதே துளை வழியே வெளியேறாது என்பதற்கு என்ன உறுதி?

சென்ற வாரம் முதல் ஊசி போட்ட அன்றே, கடையின் தண்ணீர்த் தொட்டியில் விரலை முக்கிப் பார்த்தார். ஒரு குமிழியும் எழவில்லை. அவர் நம்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத குமிழி அல்லவா?

சுற்றியிருந்த தோலை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தார். சொல்யூசன் பசையைத் தடவினார். ஊதி உலர்த்தினார். ஒட்டை வைத்து, நூறு எண்ணும்வரை அழுத்திப் பிடித்தார்.

"ஊசி போட்ட எடத்துல எதையும் தடவக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களா இல்லையாண்ணே?" என்று இப்போது அருகில் நின்ற செவிலியர் முத்தரசி பொரிந்து தள்ளினார். "வெரலு என்ன டியூபா?"

"டியூபா இருந்தா நானே பாத்துக்க மாட்டனா, தாயி?"

முத்தரசி ஒரு தாளைக் கடைக்காரர்முன் நகர்த்தினார். சிகிச்சையில் சேரும்போது அவர் கையொப்பமிட்ட தாள். வேறெதையும் பூசுவோர் சிகிச்சையிலிருந்து நீக்கப்படலாம் என்றது அதன் ஏழாம் பத்தி.



அந்நேரம் பார்த்து மருத்துவரின் இடுக்கியோடு ஒட்டு பெயர்ந்து வந்தது.

மருத்துவர் அளவுகோலை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

ஒன்பது மில்லிமீட்டர்.

முத்தரசியும் அளந்தார். அவருக்கும் ஒன்பதே வந்தது.

அறையெங்கும் ரப்பர் நெடி.

மருத்துவரின் பேனா சிகிச்சைப் படிவத்தின் ஒரு கட்டத்தின்மேல் வந்து நின்றது. 'நோயாளி வேறு ஏதேனும் இட்டாரா?'



பேனா நெடுநேரம் அசையவில்லை. பின்னர், சீரான கையெழுத்தில் எழுதியது.

'காற்றுப் புகாத கட்டு. தாமே இட்டுக்கொண்டார். தொடரலாம்.'

அதில் பொய் ஒன்றும் இல்லை.

முத்தரசி இரண்டாவது ஊசியை எடுத்துவரப் போனார். கடைக்காரர் விரலை நீட்டினார்.

மருத்துவர் தலை நிமிராமலே, தணிந்த குரலில் வினவினார்.

"கடைய எத்தன மணிக்குத் தொறப்பீங்கய்யா?"

கதவுக்கு வெளியே, நீண்ட பெஞ்சில், இதே ஊசிக்காக இன்னும் எட்டு நோயாளிகள் காத்திருந்தனர்.