காலி நாற்காலி ரெக்கார்டு

செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே என்ஜினியரின் மனைவி கேட்டுவிட்டாள்.

"நான் கேட்ட அதே ரெக்கார்டுதானேண்ணா? ஊதா அட்டை, காலி நாற்காலி படம்?"

"அதேதான் தங்கச்சி. ஒரு கீறல் விழாம வச்சிருக்கேன்" என்று பல் டாக்டர் அக்குளில் இடுக்கியிருந்த பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார். அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

உள்ளே போன டாக்டருக்கு நெஞ்சு இளகிவிட்டது. படுத்த படுக்கையாகிவிட்ட நண்பருக்கு முகம் மழித்து, தலை வாரி, தேய்த்த சட்டை போட்டுவிட்டிருந்தாள். கச்சேரிக்குக் கிளம்பியவர் போல இருந்தார் என்ஜினியர். பக்கவாதம் அவருடைய பேச்சையும் கைகால்களையும் வாரிக்கொண்டு, காதையும் கண்ணிமைகளையும் மட்டும் விட்டுவைத்திருந்தது. கூடத்து ரெக்கார்டு பிளேயரைத் துடைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தாள். பாட்டு என்றாலே காத தூரம் ஓடுகிறவள்.

நண்பர்களைச் சேர்த்துவைத்ததே இந்தப் பாட்டுப் பைத்தியம்தான். டாக்டர் ராக் கட்சி. கிட்டாரும் டிரம்மும் கட்டிப் புரளும் ஆல்பங்களைப் பல் பிடுங்கும் அறையிலேயே அலறவிடுவார். உள்ளே இருப்பவன் கத்துவது வெளியே காத்திருப்பவனுக்குக் கேட்காது, தொழிலுக்கு நல்லது என்பார். கன்ட்ரி ஆல்பங்களில் இருவருக்கும் பங்கு. ரயிலைத் தவறவிட்டவன், பெண்டாட்டியைத் தவறவிட்டவன், இரண்டையும் குடித்து மறக்கப் பார்ப்பவன், அவனுக்குப் பின்னால் ஒப்பாரி வைக்கும் ஸ்டீல் கிட்டார்.

என்ஜினியர் உயிரை விடுவது ஃபோக் பாட்டுக்குத்தான். அதிலும் இந்தக் காலி நாற்காலி. ஒரே குரல், ஒரே கிட்டார். வரிகளுக்கு நடுவே பாடகி இழுக்கும் மூச்சுகூட அதில் பதிந்திருக்கும். "ஸ்பீக்கர்ல அது கிடைக்காதுய்யா. ஹெட்போனை மாட்டி, உலகத்தையே வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினாத்தான் அந்த மூச்சு கேக்கும்" என்பார்.

அப்படிப்பட்டதை ஒருநாள் டாக்டரின் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். என்ஜினியரின் மகள் இறந்துபோன மாதம் அது. நாலு வயதுக் குழந்தை, வீட்டுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அப்பா பகலில் கொஞ்சம் கண் அசந்துவிட்டார். எல்லோரும் சொல்லி அழுது ஓய்ந்து இருபது வருடமாகிறது.

துக்கத்தில் மனிதர் இசையையே விட்டுவிடப் போகிறார் போல என்று டாக்டருக்கு அன்று ஒரு நப்பாசை. மற்ற ரெக்கார்டுகளும் வருமா என்று நாசூக்காகக் கேட்டுப் பார்த்தார். இது ஒன்று போதும் என்று சொல்லிவிட்டார் என்ஜினியர்.

கட்டிலருகே நர்ஸ் குனிந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். என்ஜினியர் ஒரு முறை இமைத்தார். ஸ்பூனில் எடுத்து ஊட்டினாள். போர்த்திவிடட்டுமா என்றாள். இரண்டு முறை இமைத்தார். போர்வையை மடித்துக் கால்மாட்டில் வைத்தாள். டாக்டர் மனைவியிடமிருந்து திரும்ப வாங்கிய ரெக்கார்டின் தூசியை ஊதிக்கொண்டிருந்ததால் எதையும் கவனிக்கவில்லை. மருந்துக் கடைக்குப் போய்விட்டு வரும்படி நர்ஸை அனுப்பிவைத்தாள் மனைவி.

டாக்டர் அட்டையை நண்பரின் முகத்துக்கு நேரே பிடித்தார். "பாருய்யா, யாரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்னு."

என்ஜினியரின் கண்கள் அட்டையிலேயே குத்திட்டு நின்றன. இரண்டு முறை இமைத்தார். சற்று நிறுத்தி மறுபடி இரண்டு முறை. மறுபடியும்.

"என்ன தங்கச்சி, இமைச்சுக்கிட்டே இருக்கானே?"

"சந்தோஷம்ணா. ரொம்பப் பிடிச்சதுன்னா ரெண்டு ரெண்டா இமைப்பார்."

ஸ்பீக்கரில் போட்டால் தானும் கேட்கலாமே என்று டாக்டருக்கு ஆசை. அதை அவள் ஏற்கவில்லை. அவருக்கு எப்படிக் கேட்டுப் பழக்கமோ அப்படியே கேட்கட்டும் என்று, காதோர முடியை ஒதுக்கி ஹெட்போனை மெல்ல மாட்டிவிட்டாள். தட்டு சுழன்றது. ஊசியை வைத்தாள்.

என்ஜினியரின் கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து ஹெட்போனின் பஞ்சில் இறங்கியது. டாக்டரும் கைக்குட்டையைத் தேடினார். இப்படி ஒரு மனைவி வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். தன் வீட்டுக்காரியாக இருந்தால் இந்நேரம் ரெக்கார்டுகளைப் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டிருப்பாள்.

முதல் பக்கம் முடிந்து ஊசி டக், டக் என்று தட்டியது. அவள் அதைத் தூக்கித் திரும்பவும் விளிம்பிலேயே வைத்தாள். நண்பருடைய இமைகள் இரண்டிரண்டாக அடித்துக்கொண்டன.

டாக்டருக்கு ஒரு சந்தேகம். "ராக் எது, கன்ட்ரி எதுன்னே உனக்குத் தெரியாதுன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். அலமாரி நிறைய இருக்கறப்போ, இந்த ஒண்ணை மட்டும் எப்படி இத்தனை வருஷம் ஞாபகம் வச்சிருந்தே?"

அவள் துண்டின் நுனியால் கணவரின் கன்னத்தைத் துடைத்தாள்.

"அன்னிக்கு நான் வேலை முடிஞ்சு வந்தப்போ இந்த அட்டைதான் இவர் மடியில இருந்தது."

"என்னிக்கு?"

ஹெட்போன் நழுவாமல் சரிசெய்துவிட்டுத்தான் அவள் பதில் சொன்னாள்.

"பாப்பா கத்தினப்போ இவர் தூங்கலைண்ணா, இதைத்தான் கேட்டுட்டிருந்தார்."