தினம் ஒரு கேக்

சுகாதாரத் துறை நர்ஸ் வாசலிலேயே விஷயத்துக்கு வந்தாள்.

“சம்மதிச்சவங்க சூப்பர் மார்க்கெட்ல என்ன வாங்கறாங்கன்னு எங்களுக்குத் தகவல் வருது. உங்க மாமியாருக்குச் சர்க்கரை இருக்கு. ஆனா அவங்க பேர்ல இருக்கிற கடை மெம்பர் கார்டுல தினம் ஒரு கேக். நீங்க கண்டிக்கறதில்லையா?”

மருமகள் விழித்தாள்.

“அத்தை தவறிப்போய் ஒரு வருஷம் ஆச்சே.”

இருவர் பார்வையும் சோபாவிலிருந்த மாமனார் மேல் விழுந்தது.

“அப்ப நீங்கதான் சாப்பிடறீங்களா ஐயா?”

“எனக்கு இனிப்பே பிடிக்காது. வாட்ச்மேன்கிட்டக் கொடுத்துடுவேன்.”

“பின்ன எதுக்கு மாமா வாங்கறீங்க?”

அவர் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

“எதையாவது வாங்கினாத்தானே கார்டைத் தேய்க்க முடியும்? தேய்ச்சதும் பில் போடற பொண்ணு திரையைப் பார்த்து, உங்க அத்தை பேரைச் சொல்லி நன்றி சொல்லும். இந்த வீட்டுல இப்ப யாரும் அவ பேரைச் சொல்றதில்லையேம்மா.”