நாக்கில் வைத்த சொட்டு

"கண்ணாடி தானா இறங்குது. கதவு தானா பூட்டிக்குது. ஏர்பேக் லைட்டு அணையவே மாட்டேங்குது. ஜெர்மன் காருன்னு ஆசைப்பட்டு வாங்கினேன் தேசப்பா, பேய் பிடிச்ச மாதிரி ஆடுது!" என்றார் சேவியர்ராஜ்.

கீழ்புத்துப்பட்டில் அவர் வீட்டு வாசலில் அந்தக் கறுப்பு கார் நின்றது. இன்னொருவர் ஓட்டி விற்ற கார்தான். ஆனாலும் செருப்போடு யாரையும் ஏற விடமாட்டார். பக்கத்தில் டிரைவர் கொளஞ்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"காலையிலேயே வர்றேன்னு சொன்னியேப்பா?"

"அம்மாவுக்கு இன்னிக்குதான் கால்ல மாவுக்கட்டு பிரிச்சாங்க சார். பெருமுக்கல் மலைப் படியில வழுக்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரி போயிட்டு நேரா வர்றேன்" என்றபடி மெக்கானிக் தேசப்பன் கோளாறு காட்டும் ஸ்கேனரைக் காரில் செருகினான்.

திரையில் கோளாறுகள் வரிசையாக இறங்கின. கதவு, சீட், ஏர்பேக், கண்ணாடி மோட்டார்.

"பாண்டியில சென்சார் எல்லாம் மாத்தியாச்சுப்பா. திரும்பத் திரும்ப வருது."

"ஸ்கேனர் காட்டினதை மாத்தியிருப்பாங்க சார். சம்பந்தமே இல்லாத இத்தனை சாமான் ஒண்ணா கெட்டுப் போகுமா? ஒயரெல்லாம் சேர்ற இடத்துலதான் ஏதோ இருக்கு."

முன் சீட்டைக் கழற்றி, கீழே விரித்திருந்த கார்ப்பெட்டைத் தூக்கினான். அடியில் இருந்த ஸ்பாஞ்ச் ஈரமாக இருந்தது. அதற்கும் கீழே இருந்த கன்ட்ரோல் பாக்ஸில் ஒயர் மாட்டும் பின்னெல்லாம் பச்சை பூத்து, மேலே வெள்ளையாகப் படிந்திருந்தது.

ஸ்பாஞ்சை அழுத்தி, விரலில் வந்த சொட்டை நாக்கில் வைத்தான்.

"சீ! என்னய்யா பண்றே?"

"மழைத் தண்ணி இல்ல சார், ஏசி தண்ணியும் இல்ல. உப்பு! அதுவும் கடல் தண்ணி இல்ல, உப்பளத்துப் பாத்தித் தண்ணி. நாக்கு எரியுது. எங்கம்மா அதுல நின்னுதான் என்னை வளர்த்தாங்க, எனக்குத் தெரியாதா?"

"இன்னும் போறாங்களா?"

"விடுவேனா? மறுபடி பாத்தியில கால வெச்சா என் மூஞ்சிலயே முழிக்காதேன்னு சொல்லிட்டேன். நாலு பேர் எனக்கு மரியாதை குடுக்க வேணாமா?"

சேவியர்ராஜ் தலையாட்டினார். பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"என் வண்டி உப்பளப் பக்கமே போனதில்லையே!" மெதுவாகக் கொளஞ்சி பக்கம் திரும்பினார். "ஏம்பா, நான் ஊர்ல இல்லாதப்ப இதுல எதை ஏத்தினே?"

கொளஞ்சி கட்டியிருந்த கையைப் பிரித்துத் தொங்கவிட்டார்.

"உப்பு மூட்டையா?"

"மூட்டைக்கு இவ்வளவு தண்ணி இறங்காது சார்" என்றான் தேசப்பன். அவனை யாரும் கேட்கவில்லை. "பின் சீட்டுல சொட்டச் சொட்ட எதையோ ஏத்தியிருக்காங்க. அங்கேர்ந்து வழிஞ்சு முன்னால வந்திருக்கு."

"வாயைத் தொறந்து சொல்லுய்யா! நியாயமான காரணம் ஒண்ணு சொல்லு, விட்டுடறேன்."

கொளஞ்சி தேசப்பனை ஒருமுறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"தப்புதாங்க ஐயா. ஏத்தினது நாந்தான்."

"அதான், எதை?"

கொளஞ்சியின் கண் தரையை விட்டு எழவில்லை. திருட்டு முழி என்று நினைத்துக்கொண்டான் தேசப்பன்.

"சாவியக் குடு. நாளையிலேர்ந்து வராதே."

ஐம்பது தாண்டிய டிரைவரை இனி யார் வேலைக்கு வைப்பார்கள்? அதைக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை. கொளஞ்சி சாவியைக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார். போகிற போக்கில் தேசப்பனிடம் நின்றார்.

"வண்டி பழையபடி சரியாயிடுமா தம்பி?"

"பாக்ஸைக் கழட்டி சுத்தம் பண்ணி, ஒயரை மாத்தினா ஆயிடும்" என்றான் அவர் முகத்தைப் பார்க்காமல்.

"அது போதும்பா."

சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அம்சவள்ளி காலை நீட்டி உட்கார்ந்தபடியே சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாண்டியில பெரிய ஒர்க்‌ஷாப்காரனுக்கே புரியலம்மா. நான் ஒரே சொட்டுல கண்டுபிடிச்சேன். அந்த டிரைவரை சார் அங்கேயே வேலையை விட்டு நிறுத்திட்டாரு."

அம்மாவின் கரண்டி பாதியில் நின்றது.

"டிரைவர் பேரு கொளஞ்சியா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துப் பேசினாள்.

"நான் பெருமுக்கல் போகலப்பா. உப்பளத்துக்குத்தான் போனேன். வீட்டுல சும்மா உக்கார முடியல. நீ வேலைக்குப் போனதும் போயி, நீ வர்றதுக்குள்ள வந்துடுவேன். அன்னிக்கு வரப்பு வழுக்கி பாத்திக்குள்ள விழுந்துட்டேன். எழுந்திருக்க முடியல. ரோட்டுல போன வண்டியெல்லாம் போயிடுச்சு. அந்த மனுசன் ஒருத்தர்தான் நிறுத்தினாரு. 'சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கேன், சீட்டு வீணாயிடும் வேணாம்'னேன். காதுலயே வாங்கல. தூக்கிப் படுக்க வெச்சு ஆஸ்பத்திரியில சேர்த்துட்டுத்தான் போனாரு."

தேசப்பன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். கொளஞ்சி தன்னைப் பார்த்த பார்வை இப்போதுதான் அவனுக்குப் புரிய ஆரம்பித்தது.

"இதை அவரு அங்கேயே சொல்லியிருக்கலாமேம்மா? காரணம் கேட்டாரே சார், விட்டிருப்பாரே! நானும் பக்கத்துலதானே நின்னேன்!"

"நீ நின்னதாலதான்பா சொல்லல. 'என் புள்ள கார் மெக்கானிக்கு. அவனுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுல சேர்க்க மாட்டான். தேசப்பன் காதுக்கு மட்டும் போயிடக் கூடாது'ன்னு அவரு கையைப் பிடிச்சு அழுதேன்" என்றாள் அம்மா.