பட்டியலில் இல்லாத வகை

அந்த வரியை மறுபடியும் காணோம்.

நேற்றுக் காலைதான் சேர்த்தாள். சேமித்துவிட்டு, தன் போனில் ஒருமுறை தரவிறக்கியும் பார்த்தாள். வந்தது.

இன்று இல்லை.

எந்தெந்த வகைக் கோப்புகளை வெளியாட்களுக்குக் கொடுக்கலாம் என்று சர்வரில் ஒரு பட்டியல் இருக்கும், வகைக்கு ஒரு வரியாக. படம் என்றால் கொடு. பிடிஎஃப் என்றால் கொடு. ஜிப் என்றால் கொடு. பட்டியலில் இல்லாத வகையை யாராவது கேட்டால், கோப்பை மடியில் வைத்துக்கொண்டே 'அப்படி எதுவும் இங்கே இல்லை' என்று சொல்லிவிடும். கூச்ச நாச்சமே இல்லாமல் சொல்லும்.

போயிருந்தது ஜிப்புக்கான வரி மட்டும்.

அவள் ஆபீஸ் பராமரிக்கும் அந்த இணையதளத்தில் ஜிப்பாக இருப்பது ஒன்றே ஒன்றுதான். சாயப்பட்டறைச் சங்கம் கோர்ட் உத்தரவுக்குப் பயந்து ஏற்றிவைத்த கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகள். எல்லாக் கிணறுகளையும் சேர்த்துச் சுருக்கிக் கட்டிய பெரிய கோப்பு.

நாளைக்கு வழக்கு. ஏற்றிவிட்டோம் என்று சங்கம் சொல்லும். அது பொய்யும் இல்லை.

கோப்பைக் கேட்டு நாச்சிமுத்து என்பவர் தினமும் போன் செய்கிறார். ஆற்றோரத்தில் தோட்டம். அவர் கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறதாம்.

"இல்லைன்னே வருதுங்க அம்மிணி," என்பார். குற்றம் சொல்கிற குரலாக இருக்காது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

யார் எடுத்தது?

சர்வரின் பதிவைத் திறந்தாள். நேற்று மதியம், சாப்பாட்டு நேரம். மாற்றியவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

திரும்பவும் படித்தாள். அவள் பெயரேதான். அந்த நேரத்தில் அவள் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நாளைக்கு யாராவது தோண்டினால் மாட்டப்போவது அவள்தான்.

பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். தியாகு அண்ணா வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வேலை செய்துகொண்டிருந்தார். அந்த சர்வரைத் தொடுகிறவர்கள் ஆபீஸில் இரண்டே பேர். அவள், அவர்.

சே, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவள் பிரசவத்துக்குப் போயிருந்தபோது அவள் வேலையையும் சேர்த்து இழுத்துப்போட்டுச் செய்த மனிதர். குழந்தைக்கு முதல் கொலுசு அவர் வாங்கிவந்ததுதான்.

ஆனாலும் மனம் அடங்கவில்லை. போன வாரம் சங்கத்துக்காரரின் கார் வந்தபோது, வாசல்வரை இறங்கிப் போனவர் இவர். அன்றைக்கு அது மரியாதையாகத் தெரிந்தது.

வரியை மறுபடியும் சேர்த்தாள். திரையைப் பூட்டினாள். சாப்பாட்டுக் கூடையை எடுத்தாள்.

"என்ன அம்மிணி, புதுசா பூட்டெல்லாம் போடறே?" என்றார் தியாகு.

"சும்மாதாங்ணா."

சாப்பாட்டு அறைக்குக் கண்ணாடிக் கதவு. அங்கிருந்து பார்த்தால் அவள் மேஜை தெரியும். இதுவரை அந்தப் பக்கம் பார்த்து அவள் உட்கார்ந்ததே இல்லை.

டப்பாவைத் திறக்காமல் நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டாள்.

"இப்பவே எடுங்க ஐயா. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

"ஓடுதுங்க. மெல்லத்தான் வருது. பெரிசாட்ட இருக்குதுங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தியாகு அண்ணா எழுந்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

திரை கடவுச்சொல் கேட்டிருக்கும்.

அவர் யோசிக்கவில்லை. விரல்கள் போன போக்கில் தட்டின. முதல் தடவையிலேயே திறந்தது.

அது அவள் மகளின் பெயர். வயிற்றில் இருக்கும்போதே வைத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, அவசர வேலை என்று அவர் கேட்டபோது, அவளே போனில் சொன்னது. கணவனுக்கு அடுத்து அந்தப் பெயரைக் கேட்ட முதல் ஆள் அவர்.

அதற்குப் பிறகு அதை மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கோபம் வரும் என்று நினைத்தாள். அழுகைதான் வந்தது.

அவர் வரியை அழித்தார். தன் போனில் கோப்பைக் கேட்டுப் பார்த்தார். இல்லை என்று வந்திருக்க வேண்டும். நிம்மதியாகப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டார். பட்டியலை மாற்றினால், இனிமேல் கேட்கிறவர்களுக்குத்தான் இல்லை. ஏற்கெனவே கிளம்பிவிட்ட கோப்பு பாதி வழியில் திரும்பி வராது.

போனைக் காதில் வைத்தபடியே இருந்தாள். சோறு ஆறியது.

"வந்துருச்சுங்க அம்மிணி," என்றார் நாச்சிமுத்து. "தொறந்துட்டேன். எங்க கெணத்துக்கும் முடிவு போட்டிருக்காங்க."

அவள் திரும்பி வந்தபோது தியாகு அண்ணா தன் இடத்தில் இருந்தார். பாட்டு தொடர்ந்துகொண்டிருந்தது.

"அதுக்குள்ள சாப்ட்டாச்சா? பாப்பா எப்படி இருக்கறா?"

"நல்லா இருக்கறாங்ணா."

உட்கார்ந்தாள். நாற்காலியில் இன்னும் சூடு இருந்தது.

திரையை அவர் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிவைத்தாள். கடவுச்சொல் மாற்றும் பக்கத்தைத் திறந்தாள். முதலில் பழையதைக் கேட்டது.

மகளின் பெயரைத் தட்டினாள். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக.

பக்கத்து நாற்காலியில் பாட்டு நின்றது.