ரெட்டைக்குச்சி ஐஸ்

ஒரு குச்சி இடது கையில். ஒரு குச்சி வலது கையில்.

அவள் இன்னும் உடைக்கவில்லை.

அக்கா கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் ஐஸை விட்டு நகரவில்லை.

ஃப்ரிட்ஜின் மேல் போன் குப்புறக் கிடந்தது.

காலை பத்தரைக்கு மருத்துவமனையிலிருந்து செய்தி வந்துவிட்டது. கடைசிச் சோதனையும் சரி. அவளுடைய சிறுநீரகம் அக்காவுக்குப் பொருந்துகிறது. சம்மதமா என்று சொல்ல வேண்டும்.

பதினோரு மணிக்கு அக்கா கேட்டாள். இன்னும் வரவில்லை என்று இவள் சொல்லிவிட்டாள்.

இப்போது மணி மூன்று.

அம்மாவுக்குச் சர்க்கரை. அப்பா இல்லை. மிச்சம் இவள் ஒருத்திதான்.

ஒரு சிறுநீரகம் போதும். கல்லூரியில் விலங்கியல் தேர்வில் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். ஆனாலும் கை அடிக்கடி இடுப்புப் பக்கம் போகிறது. அங்கே இருக்கிறதா என்று பார்ப்பது போல.

பயம். வேறு காரணம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் காலையிலேயே சொல்லியிருப்பாள்.

இந்த ஐஸ் அக்கா ஆசைப்பட்டுக் கேட்டது.

டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து அக்காவுக்கு ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லிதான். தண்ணீர், காபி, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் சேர்த்து. மற்ற நேரமெல்லாம் நாக்கு வறண்டு கிடக்கும். ஒரு வாரமாக அந்த வறட்சியில் ரெட்டைக்குச்சி ஐஸ் ஞாபகம் வந்திருக்கிறது.

பள்ளிக்கூட வாசலில் சைக்கிள் பெட்டியில் வரும். ஆரஞ்சு நிறம். இரண்டு குச்சி. நடுவில் ஒரு பள்ளம். ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்கு.

இவள் நான்கு கடைகளில் கேட்டாள். நான்காவது கடைக்காரர் சிரித்தார். அந்தக் கம்பெனியை மூடிப் பல வருஷம் ஆகிறது என்றார்.

நேற்று அவளே செய்தாள். பழைய பிளாஸ்டிக் பென்சில் டப்பா. பள்ளம் விழுவதற்கு அடியில் நடுவாக ஒட்டிய ஸ்ட்ரா. எண்பது மில்லி அளந்து ஊற்றினாள். ஆளுக்கு நாற்பது. ஆரஞ்சுப் பழத்தில் பொட்டாசியம் அதிகம், அக்காவுக்கு ஆகாது. அதனால் சர்க்கரையும் எசன்ஸும் மட்டும். அந்தப் பழைய ஐஸில் மட்டும் பழமா இருந்தது?

அப்போதெல்லாம் உடைப்பது அக்கா.

உடைத்தவள் கடைசியில்தான் எடுக்க வேண்டும். அக்கா போட்ட சட்டம்.

ஒரு நாளும் அது நேராக உடைந்ததில்லை. ஒரு குச்சியில் முக்கால்வாசி. இன்னொன்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம். அக்கா உதட்டைப் பிதுக்குவாள். கம்பெனிக்காரனைத் திட்டுவாள். இவள் பெரியதை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவாள்.

ஐஸ் வருவது நின்றபோதும் அக்கா அதைத்தான் சொன்னாள். ஒழுங்காக உடையாத ஐஸை எவன் வாங்குவான்.

இன்று அக்காவால் உடைக்க முடியாது. இடது கையில் டயாலிசிஸ் ஊசி ஏறுகிற இடம் புடைத்திருக்கிறது. அந்தக் கைக்கு அழுத்தம் கொடுக்கக் கூடாது.

போன் அதிர்ந்தது. ஃப்ரிட்ஜின் மேல் மெல்ல நகர்ந்தது.

யாரோ கூப்பிடுகிறார்கள் என்றாள் அக்கா.

ஏதோ விளம்பரம் என்றாள் இவள். எடுக்கவில்லை.

அதிர்வு நின்றது.

அக்கா இவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனை. பிறகு மறுபடியும் ஐஸை.

ஒரு சொட்டு மணிக்கட்டில் விழுந்தது.

உடைத்தாள்.

டக்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பள்ளத்தின் வழியாகவே பிளந்திருந்தது. கோடு போட்டது போல.

நாற்பது. நாற்பது.

அவள் மணிக்கட்டைச் சாய்க்கவில்லை. திருகவில்லை. நேராக உடைத்தாள். நேராக உடைந்தது.

கம்பெனி ஐஸும் இப்படி உடைந்திருக்கும் என்பதற்கு இது ஒன்று நிரூபணம் ஆகாது. டப்பா வேறு, ஐஸ் வேறு.

இரண்டையும் அக்காவிடம் நீட்டினாள்.

அக்காவின் வலது கை ஒன்றை நோக்கிப் போனது. நின்றது. மற்றதற்கு வந்தது. அங்கேயும் நின்றது. எது சின்னது என்று விரல்கள் தேடின.

"என்னடி பாப்பா, சரிபாதியா உடைச்சு வச்சிருக்க. இப்ப நான் எதை எடுக்கிறது?"

இவள் இரண்டையும் இன்னும் கிட்டே நீட்டினாள்.

அக்கா ஏதோ ஒன்றை எடுத்தாள். நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். ரொம்ப நேரம் திறக்கவில்லை.

திறந்தபோது சொன்னாள்.

"ரிப்போர்ட் வரலைன்னா விடு. அந்த ஆஸ்பத்திரிக்காரனுக்கு ஒண்ணும் ஒழுங்கா செய்யத் தெரியாது. வரலைன்னே இருக்கட்டும்."

உதட்டைப் பிதுக்கினாள்.

இவளுக்கு அந்த உதடு தெரியும். கம்பெனிக்காரனைத் திட்டிய அந்தக் குரலும்.

இவள் கையிலிருந்த பாதி உருகி முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது. அதை ஒரு டம்ளரில் வைத்தாள். ஃப்ரிட்ஜ் வரை நான்கு எட்டு. நடந்தாள்.

போனைத் திருப்பினாள். விரலை வைத்தாள்.

திறக்கவில்லை.

விரல் ஈரம். சில்லிட்டிருந்தது. யாருடைய விரல் என்று போனுக்குத் தெரியவில்லை.

பின்னால் அக்கா ஐஸை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

விரலைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்தாள்.

மறுபடியும் வைத்தாள்.