எதிர்க் கம்பெனி

"மேடம், எதிர்க் கம்பெனிக்காரர் உங்களைவிட விலை குறைச்சுப் போட்டிருக்கார். நீங்களும் கொஞ்சம் இறங்கி வாங்க," என்றார் ஆஸ்பத்திரியின் கொள்முதல் அதிகாரி. வாய் கூசாமல் சொன்ன பொய் அது.

கட்டில் டெண்டருக்கு வந்திருந்த அந்த விற்பனையாளர் அசரவில்லை. "கட்டுப்படியாகாம அவர் போடமாட்டார் சார். குறைச்சிருந்தா அவருக்கே கொடுத்துடுங்க," என்று எழுந்துவிட்டாள்.

அடுத்து வந்த எதிர்க் கம்பெனிக்காரரிடமும் அதே தூண்டிலைப் போட்டார். "அந்த மேடம் உங்களைவிடக் குறைச்சுட்டாங்களே."

"அவங்க கணக்கு தப்பாது சார். அவங்களுக்கே கொடுத்துடுங்க."

சொல்லி வைத்தாற்போல் பதில்.

சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் அதிகாரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருவரும் ஒரே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார்கள்.

"என் வீட்டுக்காரர் சார்," என்றாள் அவள்.

குட்டு உடைந்தது என்றே நினைத்தார். "உள்ளே நான் சொன்னதை... பேசிக்கிட்டீங்களா?"

"டெண்டர் முடியற வரைக்கும் எங்களுக்குள்ள அந்தப் பேச்சே கிடையாது சார். வீட்டுல பால் இருக்கான்னு பேசிட்டிருந்தோம்."

அதிகாரிக்கு நெஞ்சு உறுத்தியது. "மேடம், நான் சொன்ன அந்த விலை..."

கணவர் சட்டென்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். வாசல் கேட் வரை நடந்துபோய், முதுகைக் காட்டி நின்றார்.

அந்த முதுகையே பார்த்தபடி நின்றார் அதிகாரி.

"சீக்கிரம் சொல்லுங்க சார்," என்றாள் அவள். "அவர்கிட்டயும் ஏதாவது சொல்லணும்னா, நான் போய் அங்க நிக்கணும்."