நேச நாடுகளின் பட்டியல்

சூசையின் வள்ளம் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நங்கூரம் போட்டு இன்றோடு மூன்று நாள். கரையேற அவனுக்கு அனுமதி இல்லை.

எஞ்சின் நின்று நடுக்கடலில் தவித்த அக்கரைப் படகு ஒன்றுக்கு அவன் ஒரு கேன் தண்ணீர் கொடுத்திருந்தான். கடலில் தாகம் என்று கேட்டவனிடம் எந்த நாடு என்று விசாரிக்கிற வழக்கம் மீனவர்களுக்குக் கிடையாது. மேலே பறந்த ட்ரோன் விசாரித்தது. அந்தப் படகுக்காரன் அக்கரை அரசின் சந்தேகப் பட்டியலில் இருந்தான். நேச நாடுகள் இரண்டுக்கும் இப்போது ஒரே பட்டியல்தான். அதில் இருப்பவனை நெருங்கியவன் பெயரையும் அது தானாகவே சேர்த்துக்கொள்ளும்.

"பிலோமி, தண்ணி தீந்துபோச்சு!" சூசையின் குரல் கம்மியிருந்தது.

அவன் மனைவி பிலோமினா மூடி போட்ட பிளாஸ்டிக் குடத்தை எடுத்தாள். பக்கத்து வீட்டு ரோஸ்லின் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"போவாதீங்க மைனி. கம்பத்துல கேமரா பாக்குது. உங்க பேரும் ஏறிரும்."

"ஏறட்டும். அவுக நாக்கு வறண்டு சாவணுமா?"

மார்பளவுத் தண்ணீரில் நடந்துபோய்க் குடத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். கம்பத்து விளக்கு சிவந்தது.

"பிலோமினா அவர்களே, தயவுசெய்து கரையேற வேண்டாம்" என்றது ஒலிபெருக்கி.

கரையில் நின்ற சனம் மொத்தமும் பின்வாங்கியது, ரோஸ்லினும்தான். ஏழு வயது மகள் மட்டும் "அம்மா" என்று கையை நீட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடி வந்தாள்.

"கிட்ட வராதட்டி! என்னைத் தொட்டுராத!" என்று அலறிக்கொண்டே பிலோமினா ஆழத்தை நோக்கிப் பின்னால் நடந்தாள்.